ஒட்டுசுட்டானுக்கு முன் நிற்கும் வலது சிலிண்டர்

1

இந்தக் கதை இருபது கிலோமீற்றர்தான் ஓடுகிறது. பிறகு வலது சிலிண்டர் நின்றுவிடுகிறது. மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். மூன்று தரமும் ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

கதை என்னுடையதும் அல்ல. மாங்குளத்தில் சிறாஜின் கராஜில் என் சைக்கிளுக்கு ஒட்டுப் போடக் காத்திருந்தபோது, அவன் வேறொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் காது கொடுத்துத் திருடினேன்.

2

யதுர்ஷிகா உயிரியல் படிப்பிப்பவள். (முதலில் பௌதிகவியல் ஆசிரியை என்று எழுதினேன். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது, வெட்டிவிட்டேன். ஏன் வசதி என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.) இந்த ஜனவரியில் புதுக்குடியிருப்பு ரியூசன் நிலையமொன்றில் அவளுக்கு ஞாயிறு வகுப்புக் கிடைத்தது. காலை எட்டு மணி. அவளிடம் இருப்பது நாற்பது வயதான ஜப்பான் வண்டி. இரண்டு சிலிண்டர், இரண்டு காபரேற்றர். அதுவரை சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்த வண்டி.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் இருபது கிலோமீற்றர் ஒழுங்காக ஓடும். பிறகு வலது பக்கம் விக்கும், நிற்கும், வண்டி ஒற்றைக் காலில் நொண்டும். நிறுத்தி, அரை மணித்தியாலம் ஆறவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

முன்னமே வெளிக்கிடலாமே என்று கேட்பீர்கள். விடிய முன் அந்த வீதி யானைகளுக்குச் சொந்தம். பஸ்ஸா? அது ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேரும்.

3

யதுர்ஷிகா வானத்தைப் பார்த்தாள். வானம் அவளுடைய

(வேண்டாம். வானத்துக்கும் காபரேற்றருக்கும் தொடர்பில்லை.)

இரட்டைச் சிலிண்டரில் ஒரு பெரிய வசதி உண்டு: ஒன்று நோயாளி, மற்றது சாட்சி. இடது பிளக்கை வலது பக்கம் மாற்று. கோளாறும் இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. சிறாஜ் மாற்றினான். அடுத்த ஞாயிறும் வலதுதான் நின்றது. பிளக்குக்குப் பொறி தரும் கொயிலையும் அப்படியே இடம் மாற்றினான். அதற்கடுத்த ஞாயிறும் வலதுதான்.

“சிறாஜ் நானா, இது உங்களிட்ட வந்தா மட்டும் நல்ல பிள்ளை மாதிரி நிக்குது.”

“என்னைக் கண்டா எல்லா வண்டிக்கும் பயம், டீச்சர்.”

“அப்ப நீங்களும் பின்னால ஏறி வாங்கோவன்.”

அவன் சோதித்துப் பார்ப்பது புகையிரத நிலையம் வரை போய்த் திரும்புவதுதான். இருபது கிலோமீற்றரில் வரும் நோயை ஒரு கிலோமீற்றரில் தேடினான்.*

* நானும் முதல் பந்தியை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன். அது நன்றாகவே ஓடியது.

மூன்றாம் ஞாயிறு ரியூசன் நிலைய உரிமையாளர் மஹ்றூப் வாசலிலேயே நின்றார்.

“டீச்சர், பிள்ளையள் எட்டு மணிக்கு வந்து என்ர முகத்தைப் பாக்குதுகள். எனக்கு உயிரியல் தெரியாது. வாற ஞாயிறும் பிந்தினா கிளிநொச்சியில படிப்பிக்கிற சேரைத்தான் கூப்பிடோணும்.”

4

இந்த இடத்தில் எனக்கு ஓர் இலக்கிய யோசனை வந்தது. வண்டியின் விக்கலை மண்ணின் விக்கலாக்கலாம். சிறாஜிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“நல்லாயிருக்கு அண்ணை. அப்ப மண்ணுக்கு எந்தப் பக்கப் பிளக்கைக் கழட்டுறது?”

அந்த யோசனை அங்கேயே நின்றது.

5

நான்காம் ஞாயிறு. அதே இடம், அதே விக்கல். நேரம் ஏழு பத்து. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் வகுப்புப் போய்விடும்.

வரிசையில் நின்று பெற்றோல் எடுத்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வண்டி மக்கர் பண்ணினால் முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்போம். யதுர்ஷிகாவும் ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி, திறந்து பார்த்து, மூடிவிட்டுத்தான் ஆறவிடுவாள். அன்று எஞ்சினை நிறுத்தக்கூடப் பொறுமையில்லை. நொண்டிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்தாள்.

சுஸ் என்றது. சில விநாடிகளில் வலது சிலிண்டர் திரும்பி வந்தது.

ஆறவுமில்லை, எதையும் மாற்றவுமில்லை. மூடி மட்டும் திறந்தது. அப்படியானால் இத்தனை நாளும் வண்டியைக் குணப்படுத்தியது அரை மணித்தியாலம் அல்ல, அந்த எட்டிப் பார்த்தல்.

ரின்பால் தகரப் பேணியில் ஏன் இரண்டு ஓட்டை போடுகிறோம்? ஒன்றால் பால் வர, மற்றதால் காற்றுப் போக. தாங்கி மூடியிலும் அப்படி ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி மிச்சத்தை இழுத்துப் பிடிக்கும். வலது பக்கம் மட்டும் ஏன்? இந்த வண்டியில் குழாய் இடது காபரேற்றருக்குப் போய்த்தான் வலதுக்கு வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசி வயல்தானே?

அவள் மூடியை இறுக்காமல் வைத்துக்கொண்டு பறந்தாள். ஏழு ஐம்பத்தைந்துக்கு மஹ்றூப்பின் வாசல்.

6

பின்னேரம் யதுர்ஷிகாவின் வீட்டு முற்றத்தில் சிறாஜ் மூடியை வாயில் வைத்து ஊதினான். காற்றுப் போகவில்லை. ஊசியால் குத்த, மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மணந்து பார்த்தான். உடுப்புச் சவர்க்காரம்.

யதுர்ஷிகாவின் அம்மா விமலேஸ்வரி கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“நான்தான் அடைச்சனான். வரிசையில நிக்கவிட்டுக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் தந்த காலம். அந்த ஓட்டையால ஆவியாப் போனா ஆர் தாறது? சண்டைக் காலப் பொருளாதாரத் தடைக்கை சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையில ஓடின ஆக்கள் நாங்கள்.”

“பிறகு எடுத்திருக்கலாமே அம்மா!”

“நீ கேக்கேல்லையே.”

7

இதற்குப் பிறகு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் மகள் தாய்மேல் எரிந்து விழுகிறாள். மற்றதில் அந்த மூடியைத் தாயின் கையில் வைத்து, “இப்ப ஊதுங்கோ” என்கிறாள். சிறாஜ் அதற்குள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டதால் எது நடந்தது என்று அவனுக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் எது நடக்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் முடிவில் மட்டும் உங்களுக்குத் தெரிவு இல்லை. பிளக்கும் கொயிலும் நல்லவை. மூடியின் காற்றுத் துளையில் இருந்த சவர்க்காரத்தை எடுத்தார்கள். இரண்டு சிலிண்டரும் புதுக்குடியிருப்பு வரை நிற்காமல் ஓடுகின்றன. வகுப்பு எட்டு மணிக்குத் தொடங்குகிறது.