கறி விழுந்த சூப்பு

துறைமுகத்தில் வேலை நிறுத்தம் தொடங்கியதிலிருந்து சிலுவையம்மாள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்றால் சூப்புதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ராயபுரத்தில் ஒரு ரயில்வே கார்டு வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தவள். அந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீட்டில் சூப்பு, சாப்பாட்டுக்கு முன்னால் மேஜைக்கு வரும். இங்கே அதற்குப் பின்னால் வருவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் சூப்பையே சாப்பாடாக்கும் வழியை அவளாகத்தான் கண்டுபிடித்துக்கொண்டாள்.

கறிக்கடை அமீர் பாய் ஒதுக்கிப் போடும் எலும்பைக் காலையில் வாங்கி வருவாள். குழவிக்கல்லால் நசுக்கிக் குண்டானில் போட்டு மரத்தூள் அடுப்பில் ஏற்றிவிட்டால், அது பாட்டுக்குச் சாயந்திரம் வரை கொதித்துக்கொண்டிருக்கும். எலும்புக்குள் இருப்பதெல்லாம் கரைந்து தண்ணீர் வெளுத்த பிறகு, மைசூர்ப் பருப்பு ஒரு பிடி, ரேஷன் நொய் ஒரு பிடி, சந்தில் நிற்கும் மரத்திலிருந்து முருங்கைக்கீரை. கடைசியில் மிளகும் சீரகமும் தட்டிப் போடுவாள். கிண்ணத்தில் ஊற்றினால் கரண்டி சாயாமல் நிற்க வேண்டும். தண்ணீராக ஓடிவிட்டால் பிள்ளைகள் இரண்டும் தூங்காமல் பாயில் புரளும்.

அந்த ஒரு அடுப்பில்தான் எல்லோருக்கும் வெந்தது. அவள் புருஷன் பாஸ்கல், அவன் தம்பி ஸ்டானிஸ்லாஸ், தம்பி பெண்டாட்டி ஹில்டா. ஹில்டா மாசமாக இருந்தாள். அண்ணனும் தம்பியும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். பாஸ்கல் சங்கத்தில் ஊறியவன். விடிந்ததும் துறைமுக வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான். நிறுத்தத்தை மீறி வேலைக்குப் போகும் கருங்காலிகள் யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவான். சூடாக இரண்டு வாய் உள்ளே போனால்தான் குரல் வரும்.

நாள் போகப் போகப் பருப்பு தீர்ந்தது. நொய் பாதிப் பிடியானது. கரண்டி சாயத் தொடங்கியது.

ஒரு நாள் ஹில்டா தெருக்குழாயடியில் மயங்கி விழுந்தாள். தூக்கிவந்து படுக்கவைத்த சிலுவையம்மாள், அன்றைக்குத் தன் கிண்ணத்தை அவளிடமே தள்ளிவிட்டாள். ஸ்டானிஸ்லாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் பங்கையும் பெண்டாட்டி பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனான்.

மறுநாள் சாயந்திரம் அவன் இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

"இன்னா தம்பி இது?"

"கறி, அண்ணி. யானைக்கவுனில ஒரு தோஸ்து வூட்ல விசேஷம். குட்த்தாங்க."

பிரித்துப் பார்த்தாள். அப்போதுதான் வெட்டிய கறி. "விசேஷ வூட்ல பச்சைக் கறியவா குட்த்து அனுப்புவாங்க?"

அவன் கழுத்து வியர்வையில் கோதுமைத் தூசி ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் இரண்டு பேர் சட்டையையும் துவைத்தவளுக்கு அது கப்பல் மூட்டையின் தூசி என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"வாசல்ல உன் அண்ணன் குந்திகினு கீறாரே. எந்த வழியா பூந்த?" என்று மெல்லக் கேட்டாள்.

"மேஸ்திரி படகுல இட்டுகினு போனான், கடல் பக்கமா." அவன் குரல் இறங்கியது. "அண்ணாத்தகிட்ட சொல்லாத அண்ணி. அவ வுயுந்து கெடந்தத நீயும் பாத்த. எனக்கு வேற வழி தெர்ல."

வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிள்ளைகள் இரண்டும் அடுப்படிக்கு வந்து கறியையே பார்த்துக்கொண்டு நின்றன. உள்ளே ஹில்டா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். சிலுவையம்மாள் ஒன்று செய்தாள். கொதித்துக்கொண்டிருந்த எலும்புச் சூப்பில் ஒரு ஆளுக்கானதை எடுத்துச் சின்னச் சட்டியில் தனியே மூடி வைத்தாள். பிறகு கறியை நறுக்கிக் குண்டானில் போட்டாள்.

பாஸ்கல் வந்தபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "நைனா, இன்னிக்கு கறி சூப்பு!" என்று சின்னவள் கத்தினாள். அவன் முகம் மலர்ந்து, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். சிலுவையம்மாள் சின்னச் சட்டியைத் திறந்து அவனுக்கு ஊற்றினாள்.

"இன்னாமே, அல்லாருக்கும் கறி, எனக்கு மட்டும் எலும்புத் தண்ணியா?" என்று சிரித்தான்.

"நீ அத்தத் துன்ன வாணாம்யா."

"ஏன்?"

அவள் ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று தரையையே பார்த்தாள். பாஸ்கல் திரும்பினான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அது போதுமாயிருந்தது.

"எத்தினி நாளா?"

"இன்னிக்குத்தான்."

"கோதண்டம் வூட்ல அடுப்பே எரியலடா. அவன் என் பக்கத்துலதான் குந்திகினு கீறான். நாளைக்கு அவன் மூஞ்சிய நான் எப்டி பாப்பேன்?"

"இவ வயித்துக்கு நான் இன்னா பதில் சொல்வேன், நீ சொல்லு."

பாஸ்கல் எழுந்தான். அடித்துவிடுவான் என்று சிலுவையம்மாள் குறுக்கே போனாள். அவன் கை ஓங்கவில்லை. ஹில்டா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுவதைப் பார்த்து, "நீ துன்னும்மா. உன்ன ஒண்ணும் சொல்லல" என்றான். பிறகு தம்பியிடம், "நீ இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றான்.

"அவுரு போனா நானும் போறேன், மாமா" என்றாள் ஹில்டா.

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். அந்த ராத்திரியிலேயே இரண்டு பேரும் திருவொற்றியூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாஸ்கல் தன் எலும்புச் சூப்பைத் தொடவில்லை.

எல்லோருக்கும் ஊற்றியதையே அவனுக்கும் ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சிலுவையம்மாள் பல நாள் நினைத்து மருகினாள். ஆனால் அந்தக் கறியைத் தின்றுவிட்டு அவன் மறுநாள் வாசலில் போய்க் கத்துவதை நினைத்தால் அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதே கறியைப் பிள்ளைகளுக்கும் ஹில்டாவுக்கும் ஊற்றிய தன் கையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

வேலை நிறுத்தம் ஒரு வழியாக முடிந்தது. கேட்டதில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் மறுபடி அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். ஒரே கப்பலில் சரக்கு இறக்கிய நாளிலும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று கோதண்டம் வந்து சொன்னான்.

ஹில்டாவுக்குப் பெண் பிறந்தது. சேதி வந்த அன்று சிலுவையம்மாள் நல்ல நல்லி எலும்பாகக் கேட்டு வாங்கி, பருப்பைத் தாராளமாகப் போட்டு, சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள். பாஸ்கல் பார்த்துக்கொண்டே பீடி குடித்தான். எங்கே என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திருவொற்றியூரில் ஹில்டா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். "மாமாவுக்குத் தெரியுமா, அக்கா?"

"தெரியும்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் கிளம்புகிற நேரத்துக்கு ஸ்டானிஸ்லாஸ் வேலையிலிருந்து வந்தான். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "அண்ணாத்தைக்குத் தோள்பட்டை வலின்னு சொன்னாங்க. எப்டி கீது, அண்ணி?"

"நீயே வந்து கேளேன், தம்பி."

அவன் குழந்தையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிலுவையம்மாள் காலி வாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.