மூன்று வெள்ளி மீன்கள்

அந்த வீட்டு வழக்கப்படி, தலைக்கு மேலே பதித்திருந்த அவரவர் குடும்பக் கேடயத்தின் அடியில்தான் உட்கார்ந்தார்கள். கணப்பை ஒட்டிய பன்றித்தலைக் கேடயத்தின் கீழ் வீட்டுக்காரன் ஹெக்டரும், அதே குலத்தில் பிறந்த எஃபி அத்தையும். மான்கொம்புக்கடியில், தாத்தா காலத்துச் சம்பந்திகளான லீத் குடும்பத்தார் நால்வர். ஹெக்டரின் தங்கை ஐல்சா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்று காலைதான் அடக்கம் செய்யப்பட்ட, அவர்கள் இருவரின் அம்மா ஜெசியின் தம்பி டேவி மட்டும், தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார்.

காரணம் விதானத்தில் இருந்தது. முந்நூறு வருஷமாக அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களின் குலச்சின்னங்கள் அங்கே சுண்ணாம்பில் புடைத்து, வண்ணத்தோடு வரிசையாக நின்றன. கடைசிக் கேடயம் மட்டும் வெறும் வெள்ளை. துறைமுகத்து மீனவன் மகளுக்கு ஏது குலச்சின்னம்?

"உக்காருங்களேன் மாமா," என்றாள் ஐல்சா.

"எங்க உக்கார? வெள்ளைக்கு அடியிலயா? உங்க அத்தை பாக்கறா."

"நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள் அத்தை. "நாப்பது வருஷமா இதே சாக்கு இவருக்கு."

ஐல்சா அன்று காலை வந்திருந்த உறையிலிருந்து வரைபடத்தை எடுத்து மாமா முன் விரித்தாள். நீலத்தில் மூன்று வெள்ளி மீன்கள். போன வருஷம் எடின்பரோவுக்கு, குலச்சின்னங்களைப் பதியும் அலுவலகத்துக்கு, அம்மாவின் குடும்பத்துக்கு ஒரு சின்னம் கேட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அவள்தான் எழுதிப்போட்டிருந்தாள். ஒருநாள் அம்மா அண்ணாந்து பார்த்து மலைக்க வேண்டும் என்று. சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் பதிவாகிவிடும். பதிவானபின் மாற்ற முடியாது.

டேவி குனிந்து பார்த்தார்.

"மீனா? ஜெசிக்கா?"

"ஏன் மாமா?"

"எங்கப்பா படகோட கடல்ல முழுகிப் போனதிலேருந்து அவ மீனைத் தொட்டதில்லையேம்மா."

"வாராவாரம் வறுத்துப் போட்டாங்களே!"

"போட்டா. தின்னாளா?"

ஓட்ஸ் மாவில் புரட்டி வறுத்ததை எல்லோர் தட்டிலும் வைத்துவிட்டு, அம்மா ஒரு வேகவைத்த முட்டையோடு மேஜைக் கோடியில் உட்காருவாள். 'வறுக்கறப்பவே வயிறு ரொம்பிருச்சுடி.'

ஐல்சா வரைபடத்தைச் சுருட்டப் போனாள். "வேண்டாம்னு எழுதிடறேன். வேற ஏதாவது... அம்மாவுக்கு என்னதான் புடிக்கும்? ஹெக்டர், உனக்குத் தெரியுமா?"

ஹெக்டர் கோப்பைக்குள் பார்த்தான். "டீ," என்றான்.

டேவி வரைபடத்தை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்து வெள்ளைக் கேடயத்தின் நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் மாட்டினார். கையிலிருந்த படத்தையும் விதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீனோ என்னவோ, அப்ப இனிமே இது எங்க இடம், இல்லியா? எஃபியம்மா, அந்தக் கேக்கை இப்படித் தள்ளுங்க."

அத்தை தட்டைத் தள்ளினாள்.

ஐல்சா சன்னலோர மேஜைக்குப் போனாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று மீன்களுக்குச் சம்மதம்.' கையெழுத்திட்டு, உறையின் ஓரத்தை நாவால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். துக்கம் கேட்க வந்திருந்த தபால்காரர் வாசலில் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவசரமாம்மா?"

"இல்லே," என்று நீட்டினாள். அவர் பிடித்து இழுத்த பிறகும், உறையை விட்டுவிட அவள் விரல்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.