தலைப்பில்லாத கட்டம்

திரைக்கு அந்தப் பக்கம் வாடிக்கைக்காரியை அளந்துகொண்டே மனைவி சொன்ன இரண்டாவது அளவு, முப்பத்தெட்டரை. தையற்காரர் இந்தப் பக்கம் நோட்டில் குறித்துக்கொண்டார். எதன் அளவு என்று அவள் சொல்லமாட்டாள். முதலில் வருவது தோள், மூன்றாவது இடுப்பு. இரண்டுக்கும் நோட்டில் தலைப்பு உண்டு, நடுக்கட்டத்துக்கு இல்லை. கல்யாணமான வாரத்தில் அவர் அதை எழுதப் போனபோது, நாலு பேர் பார்க்கிற நோட்டில் கண்டதையும் எழுதுவதா என்று பென்சிலைப் பிடுங்கிவிட்டாள். அதோடு முப்பது வருஷம் ஓடிவிட்டது. பொம்பளைத் துணி தைக்கிற சாமியார் என்பார் எதிர்க்கடை சலவைக்காரர்.

அன்று வாடிக்கைக்காரி போனபின், தைக்கக் கிடந்த துணிகளோடு மனைவியின் சட்டையும் இருந்தது. ஒரு பொத்தான் போயிருந்தது. திருப்பிப் பார்த்தவருக்குக் கை நின்றுவிட்டது. இடது பக்கத் தையலை மட்டும் பிரித்து, அரை அங்குலம் தளர்த்தித் தைத்திருந்தாள். உடம்பு போட்டால் இரண்டு பக்கமும் அல்லவா தளர்த்த வேண்டும்?

அவள் வாசலில் வந்து நின்றாள். கேட்டுவிட நினைத்தார். எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்பது?

பொத்தான் தைத்தாயிற்று என்று சட்டையை மடித்துக் கொடுத்தார். அவள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கொடியில் காயும் அவளுடைய துணிகளைத் திருடனைப்போலப் பார்த்தார். இடது பக்கம் முக்கால் அங்குலமாகி, ஒன்றாயிற்று. மூன்றாம் மாதம் மகளுக்குப் போன் செய்தார். அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள்; அவளை நீச்சல் உடுப்பில் பார்த்த நாளிலிருந்து தாய் அவளிடம் அளந்துதான் பேசுவாள்.

“அம்மா சட்டை இடது பக்கம் மட்டும் பத்தலம்மா,” என்றார்.

மகளுக்குப் புரிய நேரமாகவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னார்.

“மூணு மாசமா வாயில என்னப்பா வச்சிருந்தீங்க?”

அன்று மாலையே வந்து தாயைப் பெண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். கட்டி முற்றிவிட்டது, முன்பே வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டர். எட்டு மாதம் இழுத்தது.

கடைசி வாரத்தில் ஒருநாள் தலையணையைச் சரிசெய்தபோது அவரே கேட்டார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று.

“எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியாதா?” என்றாள் அவள். “நீங்க பார்ப்பீங்கன்னுதானே அங்க போட்டேன்.”

“பார்த்தேன்,” என்றார் அவர்.

“தெரியும்.”

இப்போது ஓய்வுநாட்களில் மகள் வந்து அளவெடுக்கிறாள். திரையைத் தாண்டி, சலவைக்காரர் காதுவரை கேட்கிறது: “தோள் பதினாலரை. மார்பு முப்பத்தாறு.” வாடிக்கைக்காரிகள் யாரும் கூசுவதில்லை. ஒருத்தி, சாமியாருக்குக் கேட்டதா என்றுகூடச் சிரித்தாள்.

கேட்டது. குறித்துக்கொண்டார். புது நோட்டுதான்; தோள், இடுப்பு என்று கோடுபோட்டு எழுதியிருக்கிறார். நடுக்கட்டத்துக்கு மேலே ஒன்றும் எழுதவில்லை.