ஒரு சான்றிதழின் மொழிபெயர்ப்பு

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த முத்தியால்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்த பிரகாசமும் மிக்கேலும் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்து, 1934ஆம் ஆண்டு ஒன்றாகவே இறுதித் தேர்வில் தேறினார்கள். ஆங்கிலத்தில் மட்டும் மிக்கேலே முதல்வன். சிதம்பரத்தருகே சில ஆண்டுகளுக்கு முன் தோன்றிய சர்வகலாசாலையில் சேர வேண்டும் என்பது இருவருக்குமே ஆசை.

பிரகாசத்துக்குச் சைகோனில் உத்தியோகம் பார்க்கும் மாமா இருந்தார். அவர் பணம் அனுப்பினார். மிக்கேலின் தந்தையோ, "கோர்ட்டுல குமாஸ்தா வேலை காலியாம். எவ்ளோ படிச்சாலும் கடைசியில அதுக்குத்தானே போவ?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஒரே கிளையில் கூடு கட்டிய இரண்டு காக்கைகளில் ஒன்று, பக்கத்துக் கூட்டில் குஞ்சு பொரித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்து, தன் முட்டையை அடைகாக்க மறந்ததாம். மிக்கேலும் அப்படித்தான் நாள்களைக் கழித்தான்.

மாமாவின் பணம் வந்த வாரத்திலேயே பிரகாசம் தன் சான்றிதழோடு வந்தான்.

"டேய் மிக்கேலு, இத்த இங்கிலீசுல எழுதிக் குடுடா."

"ஏன், நீயே எழுதேன்."

"நான் எழுதுனா கேட்டுக்காரன்கூட உள்ள விடமாட்டான்."

சான்றிதழில் 'பஷெலியே' என்றொரு சொல் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவன் என்பது பிரெஞ்சில் அதன் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு உறவான 'பேச்சிலர்' என்ற சொல்லோ, கல்லூரிப் பட்டம் பெற்றவனைக் குறிக்கும். இந்த வேறுபாடு மிக்கேலுக்கு நன்றாகத் தெரியும். பேனா சற்றே நின்றது. பிறகு, அழகான கையெழுத்தில், 'பேச்சிலர்' என்றே எழுதினான்.

மூன்று வாரத்தில் சர்வகலாசாலையிலிருந்து பதில் வந்தது. முன்பே பட்டம் பெற்றவரை, பட்டப்படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ப்பதற்கில்லை. விளக்கம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் நேரில் வரலாம் என்றது கடிதம்.

"படிக்காமலே பட்டம் வாங்கிட்டேனாம்டா!" என்று பிரகாசம் சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது. "நீயும் கூட வா. நான் தனியாப் போயி இங்கிலீசு பேசுனா மொத்தமாத் தொரத்திடுவாங்க."

இருவரும் விழுப்புரத்தில் வண்டி மாறிச் சென்றார்கள். பிரகாசம் நம்பிக்கையோடு துணிப்பெட்டியையும் எடுத்து வந்திருந்தான். அங்கே டென்னிஸ் மட்டையோடு மாணவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அன்று மாலை நடக்கவிருந்த ஆங்கில விவாதத்துக்கான அறிவிப்பு ஒரு தூணில் ஒட்டியிருந்தது. மிக்கேல் அதை இரண்டு முறை படித்தான். தான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், பிரகாசமும் தன்னோடு ஊர் திரும்பிவிடுவான் என்று எண்ணினான்.

அலுவலகத்தில் கோவிந்தராசு என்ற மேலாளர் காகிதத்தைக் காட்டி, "இதை யார் எழுதியது?" என்று கேட்டார்.

மிக்கேல் பேசவில்லை. பிரகாசம் முந்திக்கொண்டான். "இவன்தான் சார். ஆனா இவன் தப்பா எழுத மாட்டான். எங்க பள்ளியோடத்துல இங்கிலீசுல இவன்தான் ஃபர்ஸ்ட். நான்தான் ஏதோ தப்பாச் சொல்லியிருப்பேன்."

மிக்கேலுக்கு முகம் எரிந்தது. "தவறு என்னுடையது, ஐயா. அது பள்ளி இறுதித் தேர்வு மட்டுமே," என்றான்.

"இதுகூடத் தெரியாமலா பிறருக்கு மொழிபெயர்க்கிறீர்?" என்று கடிந்துகொண்டே அவர் வரியைத் திருத்தச் சொல்லி, பிரகாசத்தைச் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிரகாசம் அவன் தோளில் தட்டினான். "உனக்கே தப்பு வருதுன்னா, என்னா பாஷைடா அது!"

"தப்பு வரல. தெரிஞ்சுதான் எழுதுனேன்."

"ஏன்டா?"

"நீ இங்க படிக்க வர்ற. நான் வரல."

பிரகாசம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாணவர் விடுதியை நோக்கி நடந்தான். பத்தடி போனதும் நின்று, திரும்பிப் பாராமலே, "மெஸ்ஸுல சாப்டுட்டுப் போ," என்றான்.

மிக்கேல் தலைகுனிந்தபடி பின்னால் சென்றான். நூறு மாணவர்களின் இரைச்சலுக்கு நடுவே, இருவரும் இலையைப் பார்த்தபடி உண்டார்கள். சாம்பார் மிக ருசியாக இருந்தது. அதற்காகவும் மிக்கேல் பொறாமைப்பட்டான்.