ஒரு சிட்டிகை விதைப்பொடி

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் சின்னவளான அவளுக்கு அந்தப் பழைய குடுவை மேல் அப்படியொரு பாசம். மற்றவற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பாள். அதை மட்டும் சும்மா அலசிக் கவிழ்த்துவிடுவாள். ராசியான குடுவையாம். படித்தவள் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் மாத்திரைக்குள் மருந்தைச் சுமந்துபோகிற பொடி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த அந்தப் பொடி, வெறும் தண்ணீரில் விளைந்தது அதில்தான்.

அதுவரை அந்தப் பொடியை ரசாயனக் கரைப்பானில்தான் வேகவைத்தார்கள். கீழ்த்தளத்துக் கரைப்பான் அறையில் பதினான்கு வருஷமாக நின்றவள் அவளுடைய அக்கா. தங்கையைப் படிக்கவைத்ததே அந்த அறைதான். நாற்றம் அக்காவின் தலைமுடியில் ஏறி, தலையணைக்கும் வந்துவிட்டது. இப்போது ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் அங்கே நின்றால் உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வேறு வேலை தேடியும் கிடைக்கவில்லை.

"தண்ணி முறை தேறிட்டா அந்த ரூமையே மூடிடுவாங்கக்கா. உனக்கு மேலேயே வேலை," என்று சின்னவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

புதிய பெரிய குடுவை வந்தது. அதே அளவு, அதே சூடு, அதே நேரம். திறந்தால் சேற்றுத் தண்ணீர்! ஏழு தடவை செய்தாள், ஏழு தடவையும் சேறு. எட்டாம் நாள்தான் அவளுக்குச் சுருக்கென்றது. பழைய குடுவையின் கீறல்களில் கரைப்பானில் செய்த பொடி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றின மாதிரி, இத்தனை நாளும் அதுதான் வேலை செய்திருக்கிறது. ராசியாவது மண்ணாங்கட்டியாவது.

கீழே பொடி செய்கிற நாலு பேரின் புட்டிகளிலிருந்தும் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். அக்காவின் பொடிக்கு மட்டும் விளைந்தது. அப்படித் தண்ணீரில் விளைந்ததையே விதையாகப் போட்டபோது, மூன்றாம் தடவையில் துளைகளெல்லாம் தூர்ந்துபோயின. விதைக்கு மட்டும் கரைப்பானில் செய்த பொடியே வேண்டும். செய்தவர் பெயரைப் புட்டியில் எழுதி ஒட்டுவது அங்கே வழக்கம். விதைப்பொடிப் புட்டியிலும் அக்காவின் பெயரை மறக்காமல், முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டினாள்.

மறைக்க மனசு வராமல், உள்ளதை உள்ளபடி மேலாளரிடம் சொன்னாள். அவருக்கோ வாயெல்லாம் பல். பன்னிரண்டு பேர் நின்ற அறைக்கு இனி ஒரே ஆள் போதும், தினமும் விதைப்பொடி செய்தால் ஆச்சு என்றார். புட்டியைத் திருப்பிப் பெயரைப் படித்தார். அக்காவின் ஈரலைப் பற்றி இவள் சொன்னதற்கு, நல்ல முகமூடியாக வாங்கித் தரலாம் என்றார்.

மறுநாள் காலை பதினொரு பேர் தங்கள் சாமான்களோடு சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போனார்கள். சின்னவள் படியிலேயே நின்று அழுதாள்.

"நான்தான்க்கா உன் பேரை எழுதி ஒட்டினேன்."

"பின்னே, என் பொடிக்கு வேற யார் பேரை எழுதுவே?" என்றாள் அக்கா. புது முகமூடியின் வாரை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.