சின்னவ வந்தாச்சா

துணியைக் குறை சொல்கிறவன் வாங்குவான். புகழ்கிறவன் வேறு எதற்கோ வந்திருக்கிறான். எங்கள் கடைவீதியில் நடக்கத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். நான் அந்த வீதியில் பிறந்து, துணிக் கட்டுகளின் மேல் தூங்கி, பேரச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். இருந்தும், விடுதியில் என் அறைக்குப் புதிதாக வந்தவள் என் புத்தக அலமாரியைப் பார்த்து, "எவ்வளவு அழகா அடுக்கியிருக்கீங்கக்கா" என்றபோது, உச்சி குளிர்ந்து அவளுக்கு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு எலி என்று பெயர் வைத்ததும் நான்தான். யார் தட்டில் என்ன இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் கொறிப்பாள். கேட்காமல் எடுப்பாள், ஆனால் எடுப்பதே தெரியாது. அவளும் என் துறைதான், மானிடவியல். எனக்கு ஒரு வகுப்பு இளையவள்.

அந்த வருடம் எனக்கு வாழ்வா சாவா என்ற வருடம். கடை மாடியில் பெண்களுக்கென்று தனிப் பகுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் கல்லாவில் உட்கார அப்பா பார்த்து வைத்திருந்த ஆள் நான். எனக்கோ படிப்பைத் தொடர வேண்டும். "ஒரு வருஷம் போ. ஏதாவது தேறுதான்னு பார்ப்போம். தேறலேன்னா மாடிக்கு வந்துடு" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணன் தன் பங்குக்கு, கதைப் புத்தகம் படிக்கப் பட்டம் கொடுக்கிறார்கள் என்றால் தூங்குவதற்கும் ஒன்று இருக்கும், விசாரித்து வா, நான் முதலில் வந்து சேருகிறேன் என்றான்.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. நான் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது. என் ஆய்வு இதுதான்: மாயாஜால நாவல் எழுதுகிறவர்கள் இல்லாத மக்களை இருப்பதுபோல எழுதுகிறார்கள். இனவரைவியல்காரர்கள் இருக்கிற மக்களிடம் போய், கூடவே தங்கி, அவர்கள் உண்பதையும் உறங்குவதையும் உறவாடுவதையும் எழுதுகிறார்கள். இரண்டு கூட்டமும் நம்மை எப்படி நம்ப வைக்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். என் பேராசிரியை கறாரானவர். இந்த வருடம் ஒரு வரிகூட எழுதக் கூடாது, ஒரு நாவல், ஒரு இனவரைவு என்று மாற்றி மாற்றிப் படி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அவருக்கென்ன, அவர் அப்பாவுக்குத் துணிக்கடை கிடையாது.

படித்தேன். டிராகன்களுக்கும் தாய்வழிச் சமூகங்களுக்கும் நடுவே குடித்தனம் நடத்தினேன். கண்ணை மூடினால் மந்திரவாதி வந்து என்னிடம் முறைமாமன் உறவைப் பற்றிக் கேள்வி கேட்டான். போகப் போக ஒன்று பிடிபட்டது. இரண்டு வகைப் புத்தகமும் வரைபடத்தோடு தொடங்கும். இரண்டிலும் ஒரு வெளியாள் வந்து சேருவான். நாவலில் அவன் தொலைந்துபோன இளவரசன். இனவரைவில் அவனுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டிலும் முதலில் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுக்கிற ஒருத்தி இருப்பாள். நாவலில் அவளைப் பாதியில் கொன்றுவிடுவார்கள். இனவரைவில் முன்னுரையில் பொய்ப் பெயரில் நன்றி சொல்வார்கள்.

இதையெல்லாம் நான் கட்டிலில் படுத்தபடி எலியிடம்தான் சொல்வேன். அவள் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். அப்படி ஒரு கேட்கிற ஆள் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். இவள் "அப்புறம்க்கா?" என்பாள். என் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே அம்மாவை அம்மா என்றும் அண்ணியை அண்ணி என்றும் கூப்பிட்டு, சமையற்கட்டில் தனக்கென்று ஒரு பலகை சம்பாதித்துக்கொண்டாள். கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கக் கற்றாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து டிராகன் படித்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் கை கொடு, உறவுமுறை சொல்லிக் கூப்பிடு, சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதே, நிறையக் கேள், குறையப் பேசு. வெளியாள் ஒரு ஊருக்குள் நுழையும் வழி இதுதான் என்று எல்லா இனவரைவு நூலிலும் முதல் அத்தியாயத்தில் போட்டிருக்கும். அந்த அத்தியாயத்தைப் புத்தகத்துக்குப் புத்தகம் அடிக்கோடு போட்டுப் படித்தவள் நான்.

வருடக் கடைசியில் துறைக் கருத்தரங்கில் எலி கட்டுரை வாசித்தாள். பெரிய சந்தைகளைப் பற்றி ஏதோ செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். முன்வரிசையில் அவளுக்காக இடம்பிடித்து உட்கார்ந்தேன்.

அவள் ஒரு பெண்ணை வர்ணித்தாள். வணிகக் குடும்பத்துப் பெண், படிக்க வந்தவள். புத்தகக் கடைக்குப் போனால் புத்தகத்தைக் கவிழ்த்து, தையலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். கடைசிப் பக்கத்தை முதலில் பிரித்து, கிழிசல் இருக்கிறதா என்று தேடுவாள். அட்டை விலையைச் சொன்னால், அச்சடித்த விலைக்கும், "சரி, கடைசியா சொல்லுங்க" என்பாள். நண்பர்கள் காதலில் தோற்று அழுதால், முதல் நஷ்டமே நல்ல நஷ்டம் என்று ஆறுதல் சொல்வாள். அரங்கம் சிரித்தது. எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். யாரடா இப்படி ஒரு கிறுக்கி என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கத் திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் காது அடைத்துக்கொண்டது. திறந்தபோது எலி கடை ரகசியத்துக்கு வந்திருந்தாள். வாடிக்கையாளர் முன்னாலேயே அவருக்குப் புரியாமல் கடைக்காரர்கள் பேசிக்கொள்ளும் சொற்கள். எங்கள் கடையிலும் உண்டு. நிஜச் சொற்கள் எவை என்று இங்கே எழுத மாட்டேன், நானும் அந்த வீட்டுப் பெண்தான். எலி சொன்னவை இவை: "மின்விசிறியை மெதுவா வை" என்றால் விலையை இறக்கு. "வெளிய மழை வருமா" என்றால் இவர் வாங்க மாட்டார், நேரத்தை வீணாக்காதே. "சின்னவ வந்தாச்சா" என்றால் இந்த ஆளை நம்பாதே, கண் வை.

எனக்குத் தெரிந்த சொற்களில் இவை ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் சின்னவள் நான்தான். என்னை வைத்தே ஒரு சொல் புழங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது, வந்துபோன எலிக்குத் தெரிந்திருக்கிறது.

வராந்தாவில் அவளைப் பிடித்தேன். முகத்தில் மேடை வெற்றியின் வியர்வை இன்னும் காயவில்லை.

"என்னை எழுதியிருக்க."

"உங்க பேரை எங்கயும் போடலக்கா. அடையாளம் தெரியாத மாதிரிதான்..."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க நடிக்க ஆரம்பிச்சிடுவீங்க. நீங்கதானேக்கா சொன்னீங்க, கேமராவைப் பார்த்தா எல்லாரும் தலை சீவிக்கறாங்கன்னு." சற்று நிறுத்தி, ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்: "கடையில அப்பாகிட்ட முதல் நாளே கேட்டுட்டேன். அவர் தாராளமா எழுதிக்கோன்னுட்டார்."

அன்றே வண்டி ஏறினேன்.

கடையில் மதிய நேரத்து மந்தம். அண்ணன் மாடியில் தச்சரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா பிரித்துப் போட்ட துணிகளை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். எங்கள் வீட்டில் சும்மா நின்று பேசுகிற வழக்கம் இல்லை. எலி சொன்ன மூன்று சொற்களையும் ஒப்பித்து, இத்தனை வருடம் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

அப்பா முதலில் முழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கியதில் சுற்றிய துணி மறுபடி பிரிந்தது.

"அதை மேடையில வேற சொல்லிடுச்சா அந்தப் பொண்ணு?"

"அப்போ அதெல்லாம்...?"

"பின்ன, நம்ம சொல்லைத் தூக்கி வெளியாள் கையில கொடுப்பேனா? மேல மின்விசிறி சுத்துச்சு, சொன்னேன். வெளிய மேகமா இருந்துச்சு, அதையும் சொன்னேன். கண்ணுல பட்டதெல்லாம் எழுதிக்கிச்சு."

நெஞ்சில் பால் வார்த்தது. அந்த வருடம் நான் படித்த எந்த நாவலாசிரியரும், இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே துணி கிழித்துக்கொண்டே ஒரு மொழியை உண்டாக்கிவிடவில்லை. எலி எழுதியது இனவரைவு அல்ல, சுத்தமான மாயாஜாலம். அது அவளுக்குத் தெரியாது.

"சரி, 'சின்னவ வந்தாச்சா'? அப்போ நான் கண்ணுல படலையே, படியிலதானே இருந்தேன்?"

"அது வாயில வந்துச்சு."

"ஏன் வாயில வந்துச்சு?"

அப்பா அளவு நாடாவை எடுத்து, ஏற்கனவே அளந்த துணியை அளந்தார்.

நான் வேறு கேள்விக்குப் போனேன். பொய் சொல்லி அனுப்புவதற்குப் பதில் முடியாது என்றே சொல்லியிருக்கலாமே?

"சும்மா கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதுவும் ஒண்ணு கொடுத்துச்சே."

"என்ன கொடுத்தா?"

"உன்னைப் பத்தித்தான்."

வாரம் தவறாமல் எலி போன் செய்திருக்கிறாள். நான் என்ன படிக்கிறேன், எப்போது எழுகிறேன், யார் பார்க்க வருகிறார்கள், உருப்படியாக எழுதுகிறேனா இல்லை பொழுதைப் போக்குகிறேனா. அப்பா கேட்ட விலை அது. என் காய்ச்சல் கஞ்சிகூட அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. உப்பு போதவில்லை என்று நான் சொன்னதும்.

"எழுதறேன்னு சொன்னாளா?"

"நூறு பக்கம் தாண்டிட்டாங்கன்னுச்சு. வாத்தியாரம்மா தலையில தூக்கி வச்சு ஆடறாங்கன்னுச்சு."

"பொய்ப்பா. நான் ஒரு வரிகூட எழுதலை. எழுதக் கூடாதுன்னு உத்தரவு."

"தெரியும்மா. பொட்டலத்தையே பிரிக்காம நூறு கஜம் இருக்குன்னு சொல்றவங்களை நான் பார்த்ததில்லையா?"

"என்னை நேரா கேட்டிருக்கலாமே."

"நேரா கேட்டா நீ நல்லபடியா ஒண்ணு ஜோடிச்சுச் சொல்லுவ."

எலி சொன்ன அதே பதில். ஒரே நெசவு, கரை மட்டும் வேறு. அப்பா அவளுக்குப் போலிச் சொற்களை விற்றிருக்கிறார். அவள் அப்பாவுக்குப் போலிச் செய்தியை விற்றிருக்கிறாள். இரண்டு பேரும் நல்ல வியாபாரம் என்று திருப்தியாக இருந்திருக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் கலப்படமில்லாத சரக்கு நான் ஒருத்திதான். கன்னத்தில் கைவைத்து "அப்புறம்க்கா?" என்று அவள் கேட்டபோதெல்லாம், வாரக் கடைசி போனுக்கு என்னிடமிருந்து கொள்முதல் நடந்திருக்கிறது.

அழுகை வரும்போல இருந்தது. ஆனால் கடையில் அழக் கூடாது; போகிற வருகிறவர்கள் திவால் என்று நினைப்பார்கள்.

"மாடி வேலை முடியப்போகுது" என்றார் அப்பா, துணியைப் பார்த்தபடி. "நீ எழுதலேன்னு நீயே சொல்லிட்ட. கெடுவும் முடிஞ்சுது."

துணி முனையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு இன்னும் மூணு வருஷம் வேணும்."

"விளையாடாத."

"எலி அடுத்து ஆய்வேட்டை முடிச்சுக் கொடுக்கப் போறா. அந்தச் சொல்லெல்லாம் அதுல இருக்கும். எல்லாம் உங்க கற்பனைன்னு போய்ச் சொல்லிடறேன்."

அப்பா முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டிருக்கிறேன். மொத்தக் கொள்முதலுக்கு வந்தவர் துணியின் எடையைச் சரியாகச் சொல்லிவிட்டால் பார்ப்பாரே, அது. "பொய்னு தெரிஞ்சா நிஜம்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிடும். தேட ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் மெதுவாக. பிறகு, "ஒரு வருஷம்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். நடந்தேன். வாசலோரம் துணி போர்த்திய பொம்மை வரை போகவிட்டார்.

"ரெண்டு. மூச்சு விடக் கூடாது. அந்தப் பொண்ணுகிட்டயும் சரி, உங்க வாத்தியாரம்மாகிட்டயும் சரி."

எலியின் பட்டம் அந்தப் பொய்களின் மேல்தான் நிற்கப் போகிறது. என்றைக்காவது ஒருவர் வேறொரு கடையில் போய் மின்விசிறி என்று சொல்லிப் பார்த்தால் அவள் கதை முடிந்தது. அவள் என் துணியைத் துவைத்தவள். இந்த இரண்டையும் நான் யோசித்தேன் என்பது உண்மை. ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது.

"ரெண்டு" என்றேன். "இனி என்னைப் பத்தித் தெரியணும்னா எனக்கு போன் பண்ணணும்."

"ஆகட்டும்."

எங்கள் வீட்டில் தகப்பன் கொடுப்பார், பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் பேரம் பேசியதில்லை. படி தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டு ஆட்கள் கிளம்பினால் அப்பா தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். சரக்கு எடுத்துப் போகிறவர்களைத்தான் எழுந்து வந்து அனுப்புவார். அன்றைக்கு வாசல் வரை வந்தார். கும்பிடுவதற்காக அவர் கை பாதி தூரம் எழுந்தது.