பைஸ்டாண்டர் இசக்கிராஜா

ஐஸ் பெட்டியை வாசலுக்கு நகர்த்த ஆள் கூப்பிட்டபோது ராசப்பன் கக்கூசில் இருந்தார். "ராசப்பன் எங்க? அவரக் கூப்பிடுங்க" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. எழாமல் இருக்குமா? மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வாலிபம் முழுக்க மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமந்த உடம்பு அது. பெட்டிக்குள் படுத்திருப்பதோ சொந்த அக்காள் புருஷன் இசக்கிராஜா. அதற்குத் தோள் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

ராசப்பன் கதவைத் திறக்கவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றி, சிவப்பு போய்விட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சில நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். குடித்தார். குடித்ததெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தது. சாவு வீட்டில் இருந்ததோ ஒரே கக்கூஸ். ஊரிலிருந்து விடியற்காலையில் வேனில் வந்திறங்கிய சொந்தபந்தம் முழுவதும் அதன் வாசலில் நின்றது.

"உள்ள ஆரு? அங்கயே குடித்தனம் போயிட்டியளா?" என்று யாரோ ஒருத்தி கதவைத் தட்டினாள்.

அவர் வெளியே வருவதற்குள் பெட்டி வாசலுக்குப் போயிருந்தது. எதிர்வீட்டு சேவியர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ராசப்பனோடு ஒரே சுமைதூக்குகிறவர்கள் சங்கத்தில் சுமடு எடுத்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறவர்.

"எந்தா ராசப்பா, நீ எவிடெப் போயி?"

"நடுவு வேதன சேட்டா."

"நினக்கோ?" என்றார் சேவியர். நம்பவில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது.

அவர் நம்பாததில் தப்பில்லை. வேதனை இடுப்பில் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே.

நேற்றுக் காலை எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராசப்பனுக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் பயாப்சி எடுத்திருந்தார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஏதோ ஒன்று ஏறிப்போயிருந்தது. வயசுக்கு வரும் வீக்கமா, புற்றுநோயா என்பதைச் சதையைக் கிள்ளிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். எந்த வழியாகக் கிள்ளுவீர்கள் என்று கேட்டதற்கு, மகள் வயசுகூட இல்லாத டாக்டர் மாளவிகா பொறுமையாகப் படம் வரைந்து காட்டினாள். படத்தைப் பார்த்த ராசப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தவர்தான், வீட்டுக்கு வந்துதான் நின்றார்.

அவரைத் தேற்றி மறுபடி கூட்டிப்போனது இசக்கிராஜா அத்தான். அத்தான் ஆட்டோ ஓட்டுகிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. தெரியாததாக இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"ஒண்ணுமே இல்ல மாப்ள. காது குத்துத மாதிரி. டப்புன்னு ஒரு சத்தம், முடிஞ்சு போச்சு."

"காது இருக்குத எடம் வேற அத்தான்."

"காதாவது கண்ணாடியில தெரியும். இது ஒனக்குத் தெரியக்கூட செய்யாது. பெறவு எதுக்குலே பயப்படுத?"

ராசப்பனுக்கு மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அக்காள் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருப்பு, அக்காள் கையால் சாப்பாடு, சாயங்காலம் அத்தானோடு ஒரு சாயா. அவ்வளவுதான் அவர் குடும்பம். அந்த அக்காளுக்கும், முக்கியமாகச் சங்கத்து ஆட்களுக்கும், இந்த விஷயம் தெரியவே கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அத்தான் அவர் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். வண்டிக்கு பிரேக் பார்க்கப் போவதாகப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

நோயாளிக்குத் துணையாக வருகிறவரை அங்கெல்லாம் பைஸ்டாண்டர் என்பார்கள். "ராசப்பன்றெ பைஸ்டாண்டர் ஆரா?" என்று நர்ஸ் கூப்பிட்டதும், பரிசு வாங்க மேடைக்கு அழைத்த மாதிரி அத்தான் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

உள்ளே ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொன்னார்கள். குளிர்ந்த பசை, ஸ்கேன் குழாய், மரத்துப்போக ஒரு ஊசி. பிறகுதான் அந்த டப். அத்தான் சொன்னதில் சத்தம் மட்டும் சரியாக இருந்தது. ஆனால் ஒரு தடவையோடு நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கிட்டங்கியில் மிளகு மூட்டைக்குள் குத்தூசி விட்டுச் சாம்பிள் எடுப்பதை ராசப்பன் தினமும் பார்த்தவர். இனிமேல் எந்த மூட்டையையும் பழைய கண்ணோடு பார்க்க முடியாது என்று அவருக்குப் பட்டது. ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும், முடிவு அடுத்த வாரம் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மத்தியானம் வீடு திரும்பினார்கள். அத்தான் மீன்குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டார். கொஞ்சம் கண் அசருகிறேன் என்று படுத்தார். சாயாவோடு எழுப்பப் போன அக்காள் ஆவுடையம்மாள் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுவலி தூக்கத்திலேயே வந்திருக்கும் என்றார் வந்து பார்த்த டாக்டர்.

அப்போது உட்கார்ந்தவள்தான். இப்போதும் பெட்டியின் தலைமாட்டில் அப்படியே இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இதுதான் வந்தவர்களுக்குத் தாங்கவில்லை. ஆவுடையம்மாள் லேசுப்பட்டவளா? தள்ளியிருக்கும் கும்பளங்கியில் தமிழாள் யாராவது செத்தால்கூட ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். இசக்கிராஜாவே ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவள் பாடி முடிக்கும்வரை வெளியே நின்று பெருமையாகக் கேட்பார். அப்பேர்ப்பட்டவள் கட்டின புருஷனுக்கு வாய் திறக்காமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

காரணம் ராசப்பனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி நேற்றிலிருந்து துக்கத்தோடு துக்கமாக அதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். "உச்சி வெயில்ல ரெண்டு பேரும் வந்நது நான் பார்த்தேன் கேட்டோ. ராசப்பன் காலை அகட்டி அகட்டி, ஆடி ஆடி வரார். இசக்கிராஜா சேட்டன் தாங்கிப் பிடிச்சிருக்கார். ஸ்பிரிட் வாசனை வேற. பாவம், எங்கயோ போய்க் குடிச்சிருக்காங்க."

போதாக்குறைக்குக் காலையில் பூமாலையோடு வந்த ஆட்டோ மெக்கானிக், அண்ணாச்சி பிரேக் பார்க்க என் கடைப்பக்கம் வந்தே ஒரு மாசம் ஆச்சே என்று அழுதுவிட்டுப் போனான்.

அத்தான் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். ஒரு நாள் ஆவுடையம்மாள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர், அதன்பிறகு தொட்டதில்லை. அக்காள் தன் வாழ்க்கையிலேயே ஜெயித்த ஒரே காரியம் அதுதான். கடைசி நாளில் அதையும் பொய்யாக்கிவிட்டுப் போய்விட்டார் என்று அவள் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே ராசப்பா."

ராசப்பன் கிட்டே போனார். உட்கார முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடேசியா ஒங்கூடத்தான இருந்தாக. எங்கலே போனிய ரெண்டு பேரும்?"

"சும்மாதான்க்கா. ஒரு ஜோலியா."

"பிரேக்கு பாக்கவா?"

ராசப்பன் சுவரில் கையை மாற்றி வைத்தார்.

"குடிச்சாகளா? அத மட்டும் சொல்லு."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"பெறவு எங்கதாம்லே போனிய?"

சுற்றிலும் ஊர்ப் பெண்கள். ஒப்பாரி இல்லாத வீட்டில் அவர்களுக்குக் காது மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தது. கமலாக்ஷி இரண்டடி முன்னால் நகர்ந்து நின்றாள். ராசப்பன் வாயைத் திறந்தார், மூடினார், தண்ணீர் கேட்டார். ஒரு செம்பு முழுக்கக் குடித்தார்.

ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரி, தூக்கச் சொல்லு. பொய் சொல்லிட்டுப் போன மனுசனுக்கு எனக்கு அழுக வரல."

மரத்துப்போக ஊசி போடாமலே குத்தினாள் அக்காள். கையில் அடித்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு மனுஷன் பெட்டிக்குள் கிடக்கிறார். உயிரோடு இருக்கிற ராசப்பன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரிடம் என்ன சொல்லி என்ன புண்ணியம்? சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

குனிந்து, அக்காள் காதோடு வாயை வைத்தார்.

"எனக்கு ஆஸ்பத்திரில ஒரு டெஸ்ட்டுக்கா. தொணைக்கு வந்தாக."

"என்ன டெஸ்ட்டு?"

"பயாப்சி. கேன்சர் இருக்கான்னு சதை எடுத்துப் பாக்கது."

அக்காள் நிமிர்ந்தாள். "எங்கலே எடுத்தாவ?"

"எர்ணாகுளத்துல."

"கோட்டிப்பயல, ஒடம்புல எங்கன்னு கேக்கேன்."

ராசப்பன் சொன்னார். அக்காளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். புரியவில்லை. கடைசியில் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கையால் காட்டினார். அந்த வழியே போய் உள்ளே இருக்கிற ஒரு சுரப்பியை என்று மீதியையும் சொல்லி முடித்தபோது அவருக்கு வேர்த்து ஊற்றியது.

ஆவுடையம்மாள் கேட்டாள்: "அவுக எங்க இருந்தாக?"

"வெளிய, கதவுகிட்ட. நர்ஸு சொல்லிச்சு, உங்க பைஸ்டாண்டர் உக்காரவே இல்ல, முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு எங்க உசுர எடுத்துட்டாருன்னு. நான் வெளிய வந்தா எனக்கு மேல அவுகளுக்கு வேர்த்திருக்கு."

"பெறவு?"

"சட்டையக் கழட்டி மடிச்சு சீட்டுல போட்டு என்ன உக்கார வச்சாக. பனியனோட வண்டி ஓட்டுனாக. தோப்பும்படி வரைக்கும் ஒரு குழி வுடாம ரோட்டத் திட்டிக்கிட்டே வந்தாக. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான்க்கா சத்தியம் வாங்குனேன்."

அக்காளின் உதடு கோணியது. ஒரு கை பெட்டியின் கண்ணாடியைத் தடவியது. அடுத்த நிமிஷம் அவள் இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள், தெருமுனையில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

*"பொய்யின்னு நெனச்சேனே பொன்னான ராசாவே - நீங்க
மெய்யாத்தான் நின்னியளே கூடப்பொறப்பக் காக்கையிலே!"*

பெண்களுக்கு உயிர் வந்தது. கூடி உட்கார்ந்து கைகோத்தார்கள். ராசப்பனுக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் அக்காள் அத்தோடு விடுகிறவளா?

*"எர்ணாகுளம் போயி எந்தம்பி படுக்கையிலே
பின்னால குத்தையிலே முன்னால நின்னியளோ!
சதையக் கிள்ளையிலே கதவோரம் துடிச்சியளோ
உக்கார முடியலன்னு உடுத்த சட்ட தந்தியளோ!"*

பெண்கள் அத்தனை பேரும் அழுதுகொண்டே ராசப்பனைப் பார்த்தார்கள். பார்த்த இடம் முகம் அல்ல. மலையாளத்து ஆட்கள் என்னவென்று கேட்க, கமலாக்ஷி மூக்கைச் சிந்திக்கொண்டு வரிவரியாக அர்த்தம் சொன்னாள். பந்தலில் சாயா குடித்துக்கொண்டிருந்த சங்கத்து ஆட்கள் சாயாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று ராசப்பன் நினைத்தார். ஆனால் அக்காளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அதைப் பார்த்ததும் அவரும் உடைந்தார். எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதார்.

உடலைப் பெட்டியிலிருந்து மாற்றி, பாடையைத் தூக்கும்போது பழக்கத்தில் அவர் தோள் தானாகக் குனிந்தது. அழுகைக்கு நடுவிலிருந்து அக்காள் குரல் சாட்டை மாதிரி வந்தது: "ஏலே, அவனத் தூக்க வுடாதிய! புண்ணு ஆறலய்யா!"

யாரோ அவரை மெல்ல விலக்கினார்கள். அத்தானின் மகன் விக்கி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். சந்து குறுகல் என்பதால் ஆம்புலன்ஸ் நிற்கும் மெயின் ரோடு வரை தோளில்தான் போக வேண்டும். ராசப்பன் பின்னால் நடந்தார். இந்தத் தெருக்களில் பாரம் இல்லாமல் அவர் நடந்ததே குறைவு. சும்மா தொங்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சேவியர் கூட்டத்தில் மெல்லப் பின்தங்கி அவர் பக்கத்தில் வந்தார்.

"ராசப்பா. வேதனை உண்டோ?"

"இப்ப பரவாயில்ல சேட்டா."

"அதல்ல." சேவியர் குரலைத் தாழ்த்தினார். "எடுக்கும்போ. எனக்கும் இதே டெஸ்ட் டாக்டர் எழுதித் தந்து ஓணம் கழிஞ்சு போச்சு. போகலை. வீட்லயும் சொல்லலை."

காது குத்துகிற மாதிரிதான் என்று சொல்ல ராசப்பன் வாயெடுத்தார். வரவில்லை.

"வலிக்கும் சேட்டா. தாங்கலாம். சத்தத்துக்குத்தான் பயம் வரும். ரெண்டு நாளு செவப்பாப் போவும், தண்ணி குடிச்சா சரியாயிரும்." ராசப்பன் அவர் பக்கம் திரும்பினார். "தனியாப் போவாதிய. கூட ஒரு ஆளு வேணும்."

"ஆரு உண்டு எனக்கு? பிள்ளைங்க ரெண்டும் துபாய்ல."

முன்னால் தோள் மாற்றுவதற்காகப் பாடை நின்றது. ஒரு பக்கம் ஆள் குறைந்தது. சேவியர் வேகமாகப் போய் மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தலையைத் திருப்பி ராசப்பனைக் கண்ணால் கூப்பிட்டார்.

"வா. எடுக்கண்டா. சும்மா கை வெச்சா மதி, அது போதும்."

ராசப்பன் போய், ஒரு பைஸ்டாண்டர் மாதிரி, அவருக்குப் பின்னால் மூங்கிலின்மேல் கையை வைத்தார். பாரம் எதுவும் கையில் ஏறவில்லை. பச்சை மூங்கில் குளிர்ச்சியாக இருந்தது. பாடை நகர்ந்ததும், அது போகிற வேகத்துக்கே, காலை அகட்டி அகட்டி அவரும் நடந்தார்.